துறைமுகமே தொலைவா?

சென்னையிலிருந்து தில்லிக்கு வான்வழியே சுமார் 1,760 கிலோமீட்டர். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம்! ரயிலேறும் ஏழைக்கோ 2,182 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரசிலேயே இரண்டு இரவு, ஒரு பகல்!

வானம் சுருங்கியது; மகிழ்கிறோம். ஆனால் நம் எர்ணாவூர்ச் சாலை? சென்னைத் துறைமுகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதைக் கடக்கக் கன்டெய்னர் லாரிகள், விமானம் தில்லி சேரும் நேரத்தைவிட நெடுநேரம் வரிசையில் நின்றதுண்டு. ஓட்டுநருக்கு உறக்கமில்லை, வேலை முடிந்து வீடு திரும்புவோருக்கு வழியில்லை!

காசுள்ளவனுக்குத் தில்லி பக்கம். உழைப்பவனுக்குத் துறைமுகமே தொலைவு! விமானத்தை நிறுத்தச் சொல்லவில்லை நாம். உழைப்பவன் வழியையும் திறந்துவிடுங்கள் என்கிறோம். வானத்துக்கு விரைவு, மண்ணுக்கு வரிசையா? கேட்போம், தோழர்களே!