ரண சிகிச்சை அறையில் மூன்று நிறுத்தங்கள்

ரண சிகிச்சை என்றவுடன் நம் மக்கள் கத்தி பிடிக்கும் டாக்டர் ஒருவரையே எண்ணுகின்றனர். உண்மையில் மயக்க மருந்து கொடுப்பவர், கருவிகளை எடுத்தளிக்கும் நர்ஸ், உதவி டாக்டர் எனப் பலர் அங்குக் கூடியிருப்பர். நோயாளிக்கு ஒரு மருந்து ஒவ்வாது என்பது ஒருவருக்குத் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாமற் போனால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இதனைத் தவிர்க்க உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் 19 இனங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுக்குமுன்பும், தோலைக் கீறுமுன்பும், நோயாளி அறையை விட்டு அகலுமுன்பும் யாவரும் வேலையை நிறுத்தி, அதனை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தல் வேண்டும். இரண்டாம் நிறுத்தத்தில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறுவர். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் பெரிய மருத்துவமனைகளில் முன்பின் அறியாதாரும் கூடிப் பணியாற்ற நேர்வதுண்டு. ஒரு முறை வாய் திறந்தவர், பின்னர்த் தவறொன்றைக் கண்டால் மேலதிகாரி முன்னிலையிலும் சொல்லத் துணிவர். நோயாளி யார், எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்பனவும் அப்போது உறுதி செய்யப்படும். இறுதி நிறுத்தத்தில் ஊசிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணிக் கணக்கு ஒப்பிடுவர்.

இம்முறை 8 நகரங்களில் சோதிக்கப்பட்டது. டில்லியும், தான்சானியா நாட்டுச் சிற்றூரான இபகாராவும் அவற்றுள் அடங்கும். 2009-இல் வெளியான முடிவின்படி, இறந்தோர் தொகை ஆயிரத்துக்கு 15-லிருந்து 8 ஆயிற்று. பெருஞ்சிக்கல்கள் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பேசாமல் குறி மட்டும் இட்டால் பட்டியல் வெறுங்காகிதமே என்பது என் கருத்து. அத்தகைய படிவங்கள் நம் அலுவலகங்களிலும் இல்லாமலில்லை!

முதல் நிறுத்தத்தில் நோயாளிக்கும் பங்குண்டு. ஒரே பெயருடையோர் பலர் வாழும் ஊர்கள் நம்முடையவை. ஆகவே பெயரோடு தகப்பனார் பெயரையும் ஊரையும் தெளிவாகக் கூற வேண்டும். துணைக்குச் செல்லும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை முன்னதாகவே சொல்லி வைத்தல் நலம். முன்பு எந்த மருந்தால் தடிப்போ மூச்சுத் திணறலோ உண்டாயிற்று என்பதைக் கேளாமலே தெரிவிக்கலாம். உறவினர் மனமிரங்கி இரகசியமாகக் கொடுத்த காப்பியையும் மறைக்கலாகாது. மயக்கத்தில் அது மேலெழுந்து மூச்சுக் குழலில் புகக்கூடும். அறுக்க வேண்டிய பக்கத்தைக் காட்ட உடலில் மையால் இட்ட அடையாளத்தையும், குளிக்கும்போது தேய்த்துக் கழுவிவிடலாகாது.