மாத்திரையை நிறுத்திட்டீங்களா, அண்ணாச்சி?

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் ராஜாவின் கட்டிலைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. ''64 வகை மூலிகை மரத்தால் செஞ்சது. இதுல படுத்தா நோய் அண்டாது'' என்று விளக்கம் சொல்வார்கள். எல்லோரும் வாய் பிளந்து பார்ப்பார்கள். படுத்துப் பார்க்கத்தான் அனுமதி கிடையாது!

அந்த ராஜாக்களுக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததா? யாருக்கும் தெரியாது. மார்த்தாண்ட வர்மா ஆண்டுகொண்டிருந்த 1733-ம் ஆண்டில்தான், இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், குதிரையின் ரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை எழுதி வெளியிட்டார். மனிதர்களின் கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி செய்தது 1896-ல்! ஆனால், அரண்மனை ஊட்டுப்புரையில் ஊறுகாய் ஊறிய ராட்சத ஜாடிகளைப் பார்த்தால் லேசாகச் சந்தேகம் வரத்தான் செய்கிறது...

ராஜாவை விடுங்கள். இன்றைக்கு நம் தெருவில் நடக்கும் பேச்சுக்கு வருவோம்.

''அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதியளா?''

''அது நார்மலாயிட்டுல்லா! போன மாசமே நிறுத்தியாச்சி. தலைசுத்து, மயக்கம் ஒண்ணும் இல்லியே!''

இந்தப் பதிலில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. நார்மல் ஆனது மாத்திரையால். நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை மடக்குவீர்களா? வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் கல்குளம் தாலுகாக்காரர்களுக்குக் குடையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது, உறுத்தாது. சத்தம் போடாமல் இதயத்தையும், சிறுநீரகத்தையும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயையும் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போகும்போதுதான் வீட்டில் அலறுவார்கள்.

ஜனாதிபதிக்கே கிடைக்கவில்லை!

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கதை தெரியுமா? 1944 மார்ச்சில் அவருடைய ரத்த அழுத்தம் 186/108. உலகத்திலேயே பெரிய பதவி, பக்கத்திலேயே டாக்டர்கள். ஆனால், அதைச் சரியாகக் குறைக்கும் மாத்திரை அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்று அளந்தபோது 300/190!

நான்கே வருஷத்தில், 1949-ல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் ரத்தக்கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வேறு மாத்திரைகள் வந்தன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது இன்று அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கிறோம் நாம்!

(உடனே சர்ப்பகந்தி வேரைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அளவு தெரியாமல் சாப்பிட்டால் மனச்சோர்வுவரை கொண்டுவிடும். நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இருமலுக்கு மெல்லும் அதிமதுரம்கூட தினமும் நிறையச் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும்.)

மாத்திரையின் குணம்

'ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. என்ன செய்யும் என்று முன்பே தெரிந்துகொண்டால் பயம் இருக்காது.

அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாப்ரில் சாப்பிட்டால் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை ராத்திரியில் போட்டால் தூக்கம் போகும்; அதனால்தான் காலையில் போடச் சொல்வார்கள். எந்த பிரஷர் மாத்திரையும் ஆரம்ப நாட்களில் சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டச் செய்யலாம். அரண்மனையின் குட்டை வாசல்களில் குனிந்து நிமிரும்போதும், செங்குத்தான மரப்படிகளில் ஏறி இறங்கும்போதும் நிதானம் தேவை!

இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை தருவார். அடினோலால், மெட்டோப்ரோலால் வகையை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது; நெஞ்சுவலிவரை கொண்டுபோய்விடும். முகம், உதடு, நாக்கு வீங்கினால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எனலாப்ரில், டெல்மிசார்டான் சாப்பிடும் பெண்கள், கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஆகாத மாத்திரைகள் அவை.

இந்த வேலையெல்லாம் வேண்டாம்!

* நேற்று மறந்ததற்கு இன்று இரண்டாகப் போடாதீர்கள். அன்றே ஞாபகம் வந்தால் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

* பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றில்லை. முறுக்கு மாவா, கடன் கேட்க?

* டாக்டர் மாத்திரையை மாற்றினால் பழையதையும் சேர்த்துப் போடாதீர்கள். கம்பெனி பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே என்றால் இரட்டை அளவு ஆகிவிடும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

* முட்டுவலிக்குக் கடையில் டைக்ளோபினாக், ஐபுரூபன் வாங்கி விழுங்காதீர்கள். பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான்.

* 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கும் முன் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். எனலாப்ரில், டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

* மாத்திரைதான் போடுகிறோமே என்று கருவாட்டையும் ஊறுகாயையும் ஒரு கை பார்க்காதீர்கள்.

அளப்பதிலும் முறை உண்டு

படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். காப்பி, பீடி, சிகரெட் முடித்து அரை மணியாவது ஆகட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அந்த நோட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும், நீங்கள் வேண்டாம்.

'ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லை' என்கிறவர்களுக்காகவே 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு அது. அரசு மருத்துவமனை நம் தக்கலையிலேயே இருக்கிறது. அட்டையில் கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு கிளம்பாமல், ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே போய் வாங்குங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ வீட்டில் மாத்திரை தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

சரி... இன்றைய மாத்திரையைப் போட்டாச்சா?