செவ்வாய்க்கு 860 நாள்

செவ்வாய்க்குப் போக 180 நாள், அங்கே தங்க 500 நாள், திரும்பி வர 180 நாள், மொத்தம் 860. விண்வெளியில் தொடர்ந்து அதிக நாள் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி பொல்யகோவ்: 1994-95இல் 437 நாள். வேற்று மண்ணில் மனிதர் தங்கிய அதிகபட்ச நேரம், 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 குழுவினர் நிலவில் கழித்த சுமார் 75 மணி. 500 நாள் என்பது அதைப் போல 160 மடங்கு.

தண்ணீர்க் கணக்கு நம்பிக்கை தருகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 3.8 லிட்டர் வீதம் 4 பேருக்கு 860 நாளில் 13,072 லிட்டர் வேண்டும். சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் ஆகியவற்றிலிருந்து 98% நீரை மீட்க முடியும் என்று சர்வதேச விண்வெளி நிலையம் 2023இல் காட்டியது. இழப்பு 261 லிட்டர். மீட்பு 93% ஆக இருந்தால் அதே இழப்பு 915 லிட்டர்.

ஆக்சிஜன் அந்த நிலைக்கு வரவில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 840 கிராம், அதாவது மணிக்கு 35 கிராம் தேவை. பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி, செவ்வாயின் காற்றிலிருந்து 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கிப் பிரித்தெடுத்தது மொத்தம் 122 கிராம். ஒருவர் மூன்றரை மணி நேரம் சுவாசிக்கலாம். அது சிறிய சோதனைக் கருவிதான். வழி உண்டு என்பதை மெய்ப்பித்தது, அளவை அல்ல.

எடையற்ற நிலையில், தக்க உடற்பயிற்சி இல்லையெனில், இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5% குறைகிறது. பூமியில் முதியவர்களுக்கு ஓர் ஆண்டில் ஏறக்குறைய அவ்வளவு குறையும். விண்வெளி நிலையத்தில் நாள்தோறும் சுமார் 2 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது இதனால்தான்.

கதிர்வீச்சுதான் கணக்கை உடைக்கிறது. கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது, பயணத்தில் நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட்; செவ்வாய்த் தரையில் 0.64. சூரியச் சுழற்சியைப் பொறுத்து இவை மாறும். இதே வீதம் நீடித்தால், போகும்போது 331, தரையில் 320, திரும்பும்போது 331. மொத்தம் 982 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாக ஒருவர் பெறும் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4. ஆக இது 409 ஆண்டுகளின் அளவு.

ஒரு விண்வெளி வீரரின் பணிக்காலம் முழுமைக்கும் நாசா வைத்துள்ள வரம்பு 600 மில்லிசீவர்ட். மேற்கண்ட வீதத்தில் அந்த வரம்பு நிரம்புவது 600ஆம் நாள். அன்று குழு செவ்வாய்த் தரையில்தான் இருக்கும். புறப்பட இன்னும் 80 நாள், வீடு சேர 260 நாள்.