இரண்டாவது பக்கட்டை வாங்குவது யார்?

அக்குறணையில் மசாலாத்தூள், அச்சாறு என்று வீட்டிலேயே தயாரித்து விற்கும் சகோதர சகோதரிகள் பலர். முதல் பக்கட்டை உறவுக்காக வாங்குவார்கள். பொருள் நிலைப்பது இரண்டாவது பக்கட்டில்தான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். சிறு பக்கட் என்பதால் ஏழைகளும் வாங்கிப் பார்த்தார்கள். எந்தக் கம்பனியின் வெற்றுப் பக்கட்டுகளைக் கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார். பின்னர் சிக் பக்கட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார். சலுகை, மீண்டும் வாங்குபவருக்கே போனது.

நாமும் சிறு பக்கட்டில் தொடங்குவோம். நிறையில் குறைக்க வேண்டாம். அளவையில் மோசடி செய்வோரை அல்குர்ஆன் கடுமையாக எச்சரிக்கிறது. உறவினரல்லாத எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். அந்த எண்ணிக்கை ஏறும்வரை கடன்பட்டு மெஷின் வாங்காதீர்கள்.