உங்களுக்குத் தெரியுமா? இத்தாலியில் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது!

இத்தாலி தேசத்தில், பிராந்திய ரயிலுக்கோ நகரப் பஸ்ஸுக்கோ உரிய கட்டணத்தைச் செலுத்தி வாங்கிய காகிதச் சீட்டைக் கையில் பத்திரமாக வைத்திருக்கும் பிரயாணியும், அதை யந்திரத்தில் செருகித் தேதியையும் நேரத்தையும் பதித்துக்கொள்ளாவிடில், பரிசோதகர் வரும்போது அபராதம் கட்ட நேரிடும்.

• ஆதலால் அந்நாட்டுக்குச் செல்வோர் முதன்முதலில் மனனம் செய்ய வேண்டிய வாக்கியம், "தோவே சி திம்ப்ரா?" என்பதே, முத்திரை பதிப்பது எங்கே என்று பொருள். பிராந்திய ரயிலாயின் ஏறுவதற்கு முன் நிலையத்திலேயே பதிக்க வேண்டும். நகரப் பஸ்ஸாயின் ஏறியவுடன் வண்டிக்குள். ரோமாபுரியின் சாதாரணச் சீட்டு, முத்திரை விழுந்த கணத்திலிருந்து 100 நிமிஷம் செல்லும்.

• பஸ் சீட்டு விற்பது புகையிலைக் கடை! வாசலில் பெரிய ரோமன் 'T' எழுத்துப் பலகை தாங்கிய 'தபாக்கி'யில் நுழைந்து, "உன் பில்யெத்தோ, பெர் ஃபவோரே" என்று கேட்டால், ஒரு சீட்டைத் தருவார்கள்.

• நெரிசலில் முன்னே நிற்பவரிடம், "ஷெந்தே அல்லா ப்ரோஸ்ஸிமா?", அதாவது அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறீர்களா என்று வினவுவது, இடித்துத் தள்ளாமல் வழி கேட்கும் அவர்களுடைய மெச்சத்தக்க வழக்கம், இறங்காதவர் தாமே ஒதுங்கிக்கொள்வார்.

• "ஷோபெரோ" என்று அறிவிப்பு ஒட்டியிருந்தால் வேலைநிறுத்தம். அப்போதும் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும், அத்தியாவசியமான பிராந்திய ரயில்கள் ஓடும்.