வைரசுத் தொற்றும் முதலாம் வகை நீரிழிவும்

மாணவர்களே! "சீனி கூடத் தின்றால்தான் சீனி வருத்தம் வரும்" என்று நமது கல்முனைப் பக்கத்தில் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதலாம் வகை நீரிழிவுக்கு இது காரணமன்று.

சதையியிலுள்ள லங்கர்ஹான்சின் சிறுதீவுகளின் பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. முதலாம் வகையில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே இக்கலங்களை அழிக்கிறது. பரம்பரை இயல்பு உள்ளவர்களில் கொக்சாக்கி பி போன்ற வைரசுகள் இவ்வழிவைத் தூண்டக்கூடும் எனக் கருதப்படுகிறது. காய்ச்சல் மாறி மாதங்கள், ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் வெளிப்படலாம்.

கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா தொற்றினால், பிறக்கும் பிள்ளைக்கு வளர்ந்த பின்னரும் நீரிழிவு ஏற்படலாம். இலங்கையில் 1996 இல் ருபெல்லாத் தடுப்பூசி ஆரம்பிக்கப்பட்டது. 2020 இல் இந்நாட்டில் ருபெல்லா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

முதலாம் வகை சிறுவருக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்தோரில் மெதுவாக வெளிப்படுவதால் இரண்டாம் வகையெனத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

அறிகுறிகள்:
1. அதிக தாகம்
2. அடிக்கடி சிறுநீர் கழித்தல்
3. காரணமின்றி உடல் மெலிதல்

வீட்டில் எவருக்கேனும் இவை காணப்பட்டால், வயதைப் பாராது இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முதலாம் வகை நோயாளி இன்சுலினை நிறுத்திக் கசாயத்தை நம்பினால், இரத்தத்தில் கீற்றோன்கள் சேர்ந்து உயிராபத்து ஏற்படும்.

பரீட்சைக் குறிப்பு: "நீரிழிவு ஒரு தொற்றுநோய்" என எழுதுவது பிழை. வைரசு தொற்றும்; நீரிழிவு தொற்றாது. வைரசு நீரிழிவைத் "தூண்டக்கூடும்" என்றே எழுதுக.