திறந்தவெளி ஓவியமும் மும்பையின் காற்றும்

செம்பூரிலிருந்து தென்கிழக்கே நோக்குவோர்க்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள டிராம்பே குன்று தென்படும். அதனை வரைய அமரும் மாணவன் பெரும்பாலும் முதலில் நீல வண்ணத்தையே தூரிகையில் தோய்க்கின்றான். தொலைவிலுள்ள மலை நீலமாகத் தோன்றும் என்று பாடநூலில் படித்திருப்பதே அதற்குக் காரணம். ஆனால் சனவரி மாதக் காலைப்பொழுதில் அக்குன்று பெரும்பாலும் நீலமாக இருப்பதில்லை. சாம்பல் கலந்த வெண்மையாகவும், சில நாட்களில் சற்றே பழுப்பேறியும் காணப்படும். மாணவன் கண்டதை விடுத்துக் கற்றதை வரைகின்றான்.

பாடநூலின் விதி பொய்யன்று. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், குறுகிய அலைநீளமுடைய நீலம் சிவப்பைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சிதறுகிறது. தூய காற்றுடைய மலைநாடுகளில் இதனை எளிதிற் காணலாம். நீலகிரித் தொடர்கள் தக்க உதாரணமாகும். கடலோரப் பெருநகரின் காற்றிலோ நுண்ணிய நீர்த்துளிகளும் புழுதியும் மிதக்கின்றன. இவை ஒளியின் அலைநீளத்தை ஒத்த அல்லது அதனினும் மிஞ்சிய பருமனுடையவை ஆதலால், எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகவே சிதறச் செய்கின்றன. அதன் விளைவு வெண்மை. மேலும், குளிர்காலக் காலைகளில் வெப்பமான காற்றடுக்கு ஒன்று மேலே மூடிபோல் அமைந்து, புகையைத் தரையோரத்தில் தேக்கி வைக்கிறது. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியபின் தெளிவு பிறக்கும். ஆசிரியர் ஒரே குன்றைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் அஞ்சலட்டை அளவில் இருமுறை வரையச் செய்வாராயின், நெடிய விளக்கம் தேவைப்படாது.

இதே உண்மையைத் தாராவியின் கும்பார்வாடாவில் இன்னும் அண்மையிற் காணலாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் வாழும் இப்பகுதியில், சூளைகளிலிருந்து எழும் மெல்லிய புகை, பின்னால் இருண்ட கூரையோ சுவரோ இருக்குமிடத்தில் நீலமாகத் தெரியும். அதே புகை கூரையைக் கடந்து ஒளிமிக்க வானத்தின் முன் சென்றதும் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். புகை மாறவில்லை, முன்னதில் அது சிதறவிட்ட ஒளி கண்ணை அடைகிறது, பின்னதில் நீலம் சிதறிக் கழிந்தபின் எஞ்சிய ஒளி அடைகிறது. கந்தல் எரியும்போது எழும் கரும்புகைக்கு இது பொருந்தாது. அது ஒளியை உட்கொண்டுவிடும். புகைக்கென ஒரே சாம்பல் வண்ணத்தைக் குழைத்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இங்கு ஒரு மணி நேரம் அமர்ந்தால் கைவிட நேரிடும்.

நீரை வரைவதிலும் இத்தகைய பிழை உண்டு. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றினைக் கொண்டு கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்தை மறுத்து, அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலிலிருந்தே அவர் கடிதம் எழுதினார். ஓவியர்க்கு இதன் பயன் யாதெனில், நீரின் நிறம் ஒன்றன்று, இரண்டு என்பதாம். மாகிம் கழிமுகத்தின் கரையில் நின்று காலடியிலுள்ள நீரை நேர்கீழாக நோக்கினால், பிரதிபலிப்பு நூற்றில் இரண்டு பங்கே ஆதலால், சேற்றின் பழுப்பு தெரியும். பார்வை தாழ்ந்து எதிர்க்கரையை நோக்கிச் செல்லச் செல்ல, அதே நீர் வானத்தின் நிறத்தை ஏற்கும். ஒரே பூச்சாக ஆறு முழுவதையும் நிரப்புதல் கூடாது.

நிழலுக்குக் காலம் குறுகியது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், இரண்டு மணி நேரத்தில் ஒரு தெருவின் நிழல் உருமாறிவிடும். ஆகவே முதற் பத்து நிமிடங்களில் நிழலின் எல்லைகளைப் பென்சிலாற் குறித்துவிட்டு, பின்னர் அவற்றை மாற்றாதிருத்தல் நலம். மே மாத நடுவில் மும்பையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாட்களில் பிற்பகல் சுமார் 12.35 மணிக்கு நிமிர்ந்த கம்பத்திற்கு நிழலே இராது. அவ்வேளை ஓவியத்திற்கு உதவாது; பாடம் நடத்த உதவும். சூலை இறுதியிலும் இந்நிலை மீண்டும் வரும். மேகத்தால் அதனைக் காண்பது அரிது.

தாளின்மேல் வெயில் நேரே படலாகாது. வெயிலில் சரியெனத் தோன்றிய வண்ணம் வீட்டினுள் கொண்டுவந்ததும் இருண்டுவிடும். மாட்டுங்காவை அடுத்த ஐந்து தோட்டங்களின் மரநிழல் இதற்கு ஏற்றது. எனினும், இலைகளினூடே வரும் ஒளி தாளுக்குச் சற்றே பச்சை நிறமூட்டும். கருங்குடை சிறந்தது, வண்ணக்குடை கூடாது.

மழைக்காலத்தில் ஈரப்பதம் மிகுவதால் நீர்வண்ணம் உலரத் தாமதமாகும். 1940-களில் மும்பைத் தெருக்களை நீர்வண்ணத்தில் வரைந்த எஸ். எச். ராசா போன்றோர் இக்காற்றிலேயே பணிபுரிந்தனர். தூரிகையில் நீரைக் குறைத்து, ஈரத்தின்மேல் ஈரமாக இடவேண்டிய வானத்தை முதலில் முடித்துவிட்டு, அது உலரும்வரை இரண்டாவது தாளில் வேறொன்றைத் தொடங்குவதே ஏற்ற வழி. தாள்களைத் தரையோரப் பெட்டியில் அடுக்கி வைப்பது தவறு. பூஞ்சணம் முதலில் தாளின் மேற்பசையைத் தின்னும். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் அத்தாளில் வண்ணம் இட்டதும் திட்டுத்திட்டாக உள்ளிறங்கிவிடும். ஓரத்தில் ஒரு துளி நீரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல தாளில் துளி நிற்கும், கெட்டதில் உடனே பரவும்.

ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இடம், தேதி, மணி, காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். தாராவியையொட்டி மாகிம் கழிமுகக் கரையில் இன்று காடாக நிற்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, முன்னர் நகரின் குப்பைமேடாக இருந்தது. பொதுமக்களுக்கு அது திறக்கப்பட்டது 1994-இல். மறுவளர்ச்சித் திட்டத்தின்கீழ் கும்பார்வாடாவும் மாற இருக்கிறது. அதன் சூளைப்புகை எந்தக் கூரையின் முன் நீலமாகவும் எந்த வானத்தின் முன் பழுப்பாகவும் இருந்தது என்பதைக் கண்டவாறே வரைந்து தேதியிட்ட சிறு படமும் அப்பகுதிக்கு ஓர் ஆவணமாகும்.